வெள்ளை வண்டியில் கௌசியா

இதில் வரும் எல்லோருடைய பேரையும் மாற்றிவிட்டேன். ஊரையும் ஆற்றோரமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறேன். கௌசியா என்கிற பேரை மட்டும் தொடவில்லை. "உங்களைப் பத்தி எழுதட்டுங்களா மேடம்?" என்று கேட்டபோது, "எழுதுங்கண்ணா, எம்பேரை மட்டும் மாத்திப் போடாதீங்க" என்றார். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆளில்லாத ஒருவர் கேட்கிற உதவி அது. எனக்கு மறுக்க மனசு வரவில்லை.

என் பேர் குருமூர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் லாரி ஓட்டி முதுகு போன பல பேரில் ஒருவன். அதற்கப்புறம் சுகாதாரத் துறையில் எச்.ஐ.வி. பிரிவில் ஒட்டிக்கொண்டேன். முதலில் லாரிப் பேட்டைகளில் போய் டிரைவர்களிடம் பேசுகிற வேலை, இப்போது பரிசோதனை வண்டியை ஓட்டுகிற வேலை. கௌசியா அந்தப் பிரிவில் ஆலோசகர். ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் வருகிறவர்களின் பயத்தைக் கேட்பதும், முடிவு வந்தபின் அவர்களைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வதும்தான் அவர் உத்தியோகம். பரமத்தி வேலூர்க்காரர். வீட்டுக்காரர் சலீம் பாய்க்கு அங்கே வாழைக்காய் மண்டி. பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவரிடம் நான் கேட்டதில்லை, ஊரே கேட்டு முடித்துவிட்டதால்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பரிசோதனை அறை அரசு ஆஸ்பத்திரியின் கடைசி மூலையில் இருந்தது. வாசலில் 'நம்பிக்கை மையம்' என்று பச்சைப் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். அந்த நடையில் கால் வைத்தாலே ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். பிறகு எவன் வருவான்? லாரிக்காரன் நோயைக் கொண்டுவருகிறான் என்று மேடை போட்டுப் பேசியவர்களுக்கு, அந்த லாரிக்காரன் உள்ளே வர ஒரு பின்வாசல் வைக்கலாம் என்று தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆண்கள் வரவில்லை. வந்தது கர்ப்பிணிகள். மாசமாக இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் சோதனை செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்ததும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் உட்கார்ந்த பெண்கள் வழியாகத்தான் வீட்டு ஆண்களின் கதை வெளியே வந்தது. கதை புருஷனுடையது, பழி பெண்டாட்டிக்கு. எத்தனை வீட்டில் பார்த்துவிட்டோம்.

உண்ணாமலை அப்படி வந்தவள்தான். ஜேடர்பாளையம் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகிற பெண். புருஷன் மாதையன் லாரி டிரைவர். அவளுக்கு அது முதல் கர்ப்பம். முடிவைக் கேட்டதும் அவள் அழவில்லை. "புள்ளைக்கும் வந்துருமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். வராமல் பார்த்துக்கொள்ளலாம், பிரசவ வலி எடுத்ததும் ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்து, ஒன்றரை வயது வரை விடாமல் கண்காணிக்க வேண்டும் என்று கௌசியா விளக்கினார். உண்ணாமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "நீங்க எங்க ஊட்டுக்கு வந்தீங்கன்னா ஊரு கேக்குமே அக்கா, நான் என்னன்னு சொல்றது?" என்றாள்.

அதற்குக் கௌசியா கண்டுபிடித்த வழியைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பாய் வீட்டுப் பெண்கள் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகத் தவணைக்குச் சேலை விற்கப் போவார்கள். கௌசியாவும் ஒரு மூட்டை கட்டிவிட்டார். என்னுடைய டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து வருவார். ஊர் எல்லையில் இறக்கிவிடுவேன். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போவார். உண்ணாமலை வீட்டுக்கு மட்டும் போனால் சந்தேகம் வரும் என்பதால் நாலு வீட்டுக்கு முன்னால் விரித்துக் காட்டியாக வேண்டும். காட்டினால் கேட்பார்கள், கேட்டால் விற்றாக வேண்டும். ஒருத்தி மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை கேட்டாள் என்று ஈரோடு வரைக்கும் ஆள் அனுப்பினார். சலீம் பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க குரு, எம்பொண்டாட்டி கவர்மெண்டுல வேல பாக்கறாளா, ஜவுளிக் கடைலயா?" என்று கேட்பார்.

குழந்தை நாமக்கல் ஆஸ்பத்திரியில் நல்ல பகல் வெளிச்சத்தில் பிறந்தது. பெண். சொட்டு மருந்தை நர்ஸ் ஊற்றப் போனபோது கௌசியா, "நான் ஊத்தட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். துளி கூட வெளியே வழியாமல் வாயோரத்தில் விரலை வைத்துக்கொண்டே ஊற்றினேன் என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். ஸ்ரீதேவி என்று பேர் வைத்தார்கள்.

அப்புறம் மாசா மாசம் சேலை மூட்டை போனது. சேலையை விரித்ததும் குழந்தை தவழ்ந்து வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். எடையைப் பார்க்கிற சாக்கில் கௌசியா அதைத் தூக்கி வைத்துக்கொள்வார். பேச்சு வந்ததும் அது அவரைப் பார்த்து 'ம்மா' என்றது. உள்ளதைச் சொன்னால், அது எல்லோரையும் அப்படித்தான் சொன்னது, கட்டிக் கிடந்த ஆட்டுக்குட்டியையும் சேர்த்து. கௌசியாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அந்தக் குழந்தையின் பேச்சுதான்.

ஒன்றரை வயதில் கடைசிச் சோதனை. குழந்தைக்கு எதுவும் இல்லை. அதைச் சொல்லக் கௌசியா ஓடாத குறையாகப் போனார். உண்ணாமலை அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அழுது முடித்தபின், "இனி வராதீங்கக்கா" என்றாளாம். "உங்களப் பாத்தா எனக்கு அந்த நெனப்பே வருதுங்க. எனக்கு மருந்து வாங்க நான் நாமக்கல்லுக்கே போயிக்கறேன். புள்ள அது என்னன்னே தெரியாம வளரட்டும்."

அன்றைக்கு ஊர் எல்லையில் நான் காத்திருந்தபோது கௌசியா வெறுங்கையோடு வந்தார்.

"மூட்டை எங்கீங்க மேடம்?"

"அங்கேயே வெச்சுட்டு வந்துட்டேன் போலிருக்கு."

"போயி எடுத்துட்டு வாங்களேன், நான் நிக்கறேன்."

"வேண்டாம்ண்ணா, அவ வராதீங்கன்னு சொல்லிட்டா." கொஞ்ச தூரம் வந்தபின், "நல்ல சேதிதானுங்களே? நல்ல சேதிதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். எங்கள் வேலையில் நல்ல சேதி என்றால் இதுதான். பிழைத்தவர்கள் நம்மை மறந்துவிட வேண்டும்.

மாதையன் அதற்கடுத்த வருஷம் இறந்துபோனான். மருந்தும் வேண்டாம், சோதனையும் வேண்டாம் என்று கடைசி வரை லாரியிலேயே இருந்தவன். அந்தத் துக்கத்துக்கும் கௌசியா போகவில்லை, போகக்கூடாது.

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியில் பார்த்தால் நாமாக முகம் கொடுக்கக்கூடாது. பரமத்தி வேலூர் சந்தையில் கௌசியா நடந்து போவதைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். எதிரே வருகிறவன் இன்று கல்யாணம் காட்சி என்று நன்றாக இருக்கிறான், ஒரு காலத்தில் அவர் மேஜைமேல் தலையை வைத்து அழுதவன். அவனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று இவர் முந்திக்கொண்டு தேங்காய்க் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வார். சொந்த ஊரில் இப்படித் தேங்காயையே பார்த்துக்கொண்டு நடந்த மனுஷியை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஸ்ரீதேவி விஷயத்தில் மட்டும் ஒரு சின்னத் திருட்டுத்தனம். பிற்பாடு துறை ஜீப்பில் அந்த ஊர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது, "கொஞ்சம் மெதுவாப் போங்கண்ணா" என்பார். நான் கியரைக் குறைப்பேன். ஸ்கூல் யூனிஃபார்மின் நிறம் மாறியது, பின்னல் இரட்டையிலிருந்து ஒற்றையானது, ஒரு வருஷம் கண்ணாடி வந்தது. வண்டிக்குள்ளிருந்து அவ்வளவையும் பார்த்துக்கொள்வார். "எளைச்சுட்டாளே" என்பார். என்ன செய்ய முடியும்? நான் மறுபடி கியரைப் போடுவேன்.

இப்போது காலம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரி மூலையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள் என்பது துறைக்கே புரிந்து, வண்டியைக் கொடுத்து நீங்கள் போங்கள் என்றுவிட்டார்கள். வெள்ளை வண்டி. உள்ளே ப்ளைவுட் வைத்துத் தடுத்த சின்ன அறை. ஆயுத பூஜைக்கு எல்லா லாரியும் ஊர் திரும்பும்போது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் முன்னால் நிற்போம். மழைக்காலத்தில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டுக்கு வந்து சேரும்போது அங்கே போவோம். எடப்பாடியில் தறிப் பட்டறை ஷிப்ட் மாறுகிற நேரம். சர்க்கரை, பி.பி., ரத்த வகை எல்லாமே பார்ப்போம் என்பதால் உள்ளே ஏறுகிறவன் எதற்காக ஏறுகிறான் என்று யாருக்கும் தெரியாது. விரலில் ஒரு குத்து, கொஞ்ச நேரத்தில் முடிவு. அந்த விரல்நுனிச் சோதனையைக் கௌசியாவே செய்துவிடுவார். பச்சைப் பெயின்ட் போர்டு வைத்திருந்த காலத்திலேயே இதைச் செய்திருந்தால் மாதையனும் பிழைத்திருப்பான். இதை நான் மீட்டிங்கில் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

போன வருஷம் ஒரு கல்லூரியில் முகாம். சாயங்காலம் கூட்டமெல்லாம் கலைந்து, நான் ஷாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து ஏறினாள். நான் ப்ளைவுட்டுக்கு இந்தப் பக்கம், டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அந்தத் தடுப்பில் எல்லாமே கேட்கும். அதனால்தான் துறையில் வாயை மூடத் தெரிந்தவனை டிரைவராக வைத்திருக்கிறார்கள்.

கௌசியா பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், அப்பா பேரைக் கேட்டார். ஸ்ரீதேவி, ஜேடர்பாளையம் பக்கம், மாதையன் என்று அந்தப் பெண் சொன்ன மூன்றையும் நானும் கேட்டேன். அதற்குப் பிறகு உள்ளே சத்தமே இல்லை.

"எதுக்கு டெஸ்ட் பண்ணோணும்னு தோணுச்சு, சாமி?" என்று கடைசியில் கௌசியாவின் குரல் வந்தது. எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். குரல்தான் அவருடையதாக இல்லை.

"எங்கம்மா தெனம் ஒரு மாத்தர போடுதுங்க. பி.பி. மாத்தரைன்னு சொல்லுது. டப்பால பேரு ஒட்டியிருக்கறத உரிச்சுப் போட்டுரும். போன மாசம் காச்சல்ல உரிக்காம வெச்சிருச்சு. நான் போன்ல போட்டுப் பாத்தேனுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கப்பா நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பவே செத்துட்டாருங்க. அப்ப நானும் அதோடதானுங்களே பொறந்திருப்பேன். எங்கிட்ட யாருமே சொல்லலீங்க."

ஒரே வார்த்தையில் அந்தப் பயத்தைத் துடைத்துவிடலாம். உனக்கு ஒன்றும் இல்லை சாமி, என் கையால் மருந்து ஊற்றினேன், என் கண்ணால் முடிவைப் பார்த்தேன் என்று சொன்னால் தீர்ந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சொல்லுங்க மேடம், சொல்லித் தொலையுங்க என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். சொன்னால் தாயின் ரகசியத்தையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். சட்டம் அப்படி. கௌசியாவும் அப்படித்தான்.

"அம்மா விசயத்த அம்மாதான் சொல்லோணும். நாம உன் விசயத்த மட்டும் பாக்கலாம். கையக் குடு."

அந்த விரலைப் பிடித்ததும் விடவே மனசில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். குத்தி, ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்தபின்னும் பிடித்துக்கொண்டே இருந்தாராம். ரத்தம் நிற்கட்டும் என்று சாக்குச் சொன்னாராம்.

முடிவு வருகிற வரைக்கும் ஏதாவது பேசி நேரத்தைப் போக்குவது வழக்கம். என்ன படிக்கிறாய் என்றார். பி.காம். என்றாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய், காலேஜ் பஸ்ஸா டவுன் பஸ்ஸா, கண்ணாடி போட்டிருந்தாயே இப்போது இல்லையா என்று கேட்டுவிட்டார். "நான் கண்ணாடி போட்டிருந்தது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் அவள். "மூக்குல தழும்பு தெரியுதே" என்று சமாளித்தார்.

முடிவு வந்தது. அவளுக்கு இல்லை. கௌசியா அதைச் சொன்னதும், நான் அந்தப் பெண் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அப்ப எங்கம்மாவுக்கு மட்டுந்தானுங்களா?" என்றாள். அப்புறம் அழுதாள். இத்தனை நாள் தனக்கும் இருக்கிறது என்று பயந்தவள், அம்மா அதில் தனியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் அழுத அழுகையை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது கௌசியா பேசிக்கொண்டிருந்தார். "எதுவுங் கேக்காத. இன்னைக்கு அம்மா மாத்தர போடறப்ப ஒரு சொம்புத் தண்ணி மட்டும் கொண்டாந்து குடு. பக்கத்துல உக்காரு. அவங்களே சொல்லுவாங்க."

"எனக்கு ஏனுங்க வரல?"

"வயித்துல புள்ள இருக்கறப்பவே ஒரு அம்மா தைரியமா சோதன பண்ணி, சொன்னபடி மருந்து எடுத்துட்டா புள்ளைக்கு வராம தடுத்தரலாம் சாமி."

"அப்ப எங்கம்மாதான் என்னயக் காப்பாத்துச்சுங்களா?"

கௌசியா குப்பை டப்பாவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. "உம்பட அம்மாதான்" என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றிங்க மேடம் என்று இறங்கிப் போனாள். பேரைக் கேட்பாள் என்று கௌசியா காத்திருந்தாராம். கேட்கவில்லை. இந்த வயதில் யார் யாருடைய பேரைக் கேட்கிறார்கள்?

சில நாள் கழித்து வேலூர் தாண்டி ஒரு செங்கல் சூளையில் முகாமை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கௌசியாவின் போன் அடித்தது. இரண்டு கையிலும் உறை மாட்டி ஊசிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தவர், "ஸ்பீக்கர்ல போடுங்கண்ணா" என்றார்.

"அக்கா, நான் உண்ணாமலைங்க. மருந்து வாங்கற எடத்துல நம்பர் கேட்டு வாங்குனேன். நெனப்பு இருக்குதுங்களா?"

கௌசியா உறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். "சொல்லு" என்றார்.

"வண்டில ஒரு மேடத்தப் பாத்தேன், பாய் ஊட்டு அம்மாவாட்ட இருந்தாங்க, தண்ணி குடுக்கச் சொன்னாங்கன்னு புள்ள சொல்லுச்சுங்க. எனக்குக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையுஞ் சொல்லிட்டேனுங்கக்கா. நீதாம்மா என்னயக் காப்பாத்துனேன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டா." உண்ணாமலையின் குரல் உடைந்தது. "நானுங்களா காப்பாத்துனேன்? மூட்டையத் தூக்கிட்டு வெயில்ல நடந்தது ஆரு? காப்பாத்துனது நீங்கதான்னு அவகிட்டச் சொல்லிரட்டுங்களா?"

நான் கௌசியாவின் முகத்தைப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் கியரைக் குறைத்து ஓட்டிய இத்தனை வருஷமும் அந்த முகத்தில் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும்.

"வேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனை இன்னும் அவர் பக்கமாக நீட்டினேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். "இத்தன வருசமா நீ உன்னயத் தப்பு பண்ணுனவளாவே நெனச்சுட்டு இருந்த, உண்ணாமலை. இப்பத்தான் உன் புள்ள உன்னய நல்லவங்கறா. அதுல நான் பங்குக்கு வர மாட்டேன்."

அந்தப் பக்கம் உண்ணாமலை அழுதாள். பிறகு கௌசியா குரலைத் தாழ்த்தி, "அவ ஊட்டுல இருக்கறாளா?" என்று கேட்டார்.

"இருக்கறாளுங்க. சோறு தின்னுட்டு இருக்கறா."

"போன வெச்சராத. சும்மா அவ பக்கத்துல போயி நில்லு. நான் பேச மாட்டேன்."

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் போனைக் கேட்டுக்கொண்டு நின்றோம். தட்டில் கரண்டி படுகிற சத்தம், டி.வி. சத்தம். "ஆரும்மா போன்ல?" என்று ஸ்ரீதேவியின் குரல்.

உண்ணாமலை ராங் நம்பர் என்பாள், அல்லது தெரிந்தவர்கள் என்பாள் என்று நினைத்தேன். "உனக்குப் பெரியம்மா ஆகோணும், சாமி" என்றாள்.

"எந்தப் பெரியம்மா? எனக்குத் தெரியாம எனக்கொரு பெரியம்மாவா? இங்க குடு, நான் பேசறேன்."

பேசினால் அவளுக்குக் குரல் தெரிந்துவிடும். வண்டியில் கேட்ட குரல். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கௌசியா எட்டி, உறை போட்ட விரலால் போனை அணைத்துவிட்டார்.

ரொம்ப நேரம் ஊசிப் பெட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கண்ணீர் வடிந்தது, துடைக்கக் கை சுத்தமில்லை. நான் என் துண்டைக் கொடுத்தேன்.

"பேசியிருந்தா என்னண்ணா கேட்டிருப்பா?"

"வேறென்னத்த கேப்பா? சாப்பிட்டீங்களா பெரியம்மான்னு கேட்டிருப்பா."

"ஆமாங்கண்ணா, அதத்தான் கேட்டிருப்பா" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னும் சாப்புடல சாமின்னு சொல்லியிருப்பேன்" என்றார்.